முன்கையின் பூர்வீகம்

ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களிலும் பகல் முழுக்க வாளிகள் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கின்றன. கிணற்றுச் சுவர்மேல் நின்று இறைப்பவர் கயிற்றை விட்டு வாளியை இறக்குகிறார். கைமாற்றிக் கைமாற்றி இழுத்து மேலே கொண்டுவருகிறார். மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி, ஈர உடையோடு காத்திருக்கும் யாத்ரீகர்களின் தலையில் ஊற்றுகிறார். பார்ப்பவர் கண்ணுக்குக் கயிற்றைப் பற்றிய விரல்கள்தான் வேலை செய்வதாகத் தெரியும். ஆனால் விரலை மடக்கும் தசை எதுவும் விரலுக்குள் இல்லை. உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகள் நுட்பமான அசைவுக்கு உதவுமே தவிர, வாளியின் பாரத்தைத் தாங்கும் பலம் அவற்றுக்குக் கிடையாது. அந்தப் பலம் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, முன்கையில் உற்பத்தியாகிறது. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்நுனி எலும்பு வரை போய் இழுக்கின்றன. முன்கையில் மொத்தம் 20 தசைகள் உண்டு. அவற்றை இயக்க மூன்றே நரம்புகள்: மீடியன், அல்னர், ரேடியல். இருபது தசைகளை இந்த மூன்றும் எந்த நியாயத்தில் பங்கிட்டுக்கொண்டன? வேலையைப் பார்த்துத்தான் என்பது எவருக்கும் முதலில் தோன்றும் பதில். அது தவறு என்பதும், நரம்பு தசையின் பிறப்பிடத்தைக் காட்டுகிறதே ஒழிய அதன் வேலையைக் காட்டுவதில்லை என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் பங்கீட்டைப் பார்த்துவிடலாம். உள்ளங்கை பார்க்கும் பக்கம், அதாவது முன்கையின் முன்புறத்தில், எட்டுத் தசைகள். மணிக்கட்டை மடக்குவது, விரல்களை மடக்குவது, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்புவது ஆகியவை இவற்றின் வேலைகள். எட்டில் ஆறரைத் தசை மீடியனுக்கு, ஒன்றரைத் தசை அல்னருக்கு. அந்த அரைக் கணக்கு எழுத்துப் பிழையல்ல. பிறகு அதற்கு வருவோம். பின்புறத் தொகுதியில் பன்னிரண்டு தசைகள். மணிக்கட்டை நிமிர்த்துவது, விரல்களையும் கட்டைவிரலையும் விரிப்பது, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது ஆகியவை இவற்றின் பொறுப்பு. பன்னிரண்டும் ரேடியல் நரம்புக்கோ அதன் கிளைகளுக்கோ சொந்தம். மேலோட்டமாகப் பார்த்தால் வேலைப் பங்கீடு போலவே இருக்கிறது: மடக்க இரண்டு நரம்பு, விரிக்க ஒரு நரம்பு. வாளியைக் கவிழ்க்கும்போது உள்ளங்கையைக் கீழே திருப்பும் தசைகளுக்கு மீடியன். கவிழ்த்த கையை மறுபடி நிமிர்த்தும் தசைக்கு ரேடியல். இதைவிட ஒழுங்கான ஏற்பாடு வேறென்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கயிறு இழுக்கும் கையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே இந்த ஒழுங்கு குலைகிறது. மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், பிடி இறுகாது. மணிக்கட்டைச் சற்றுப் பின்னே நிமிர்த்திக்கொண்டு பிடியுங்கள், இறுகும். மணிக்கட்டு மடங்கியிருக்கும்போது விரல் மடக்கும் தசைகள் ஏற்கெனவே சுருங்கிவிட்டன, மேலும் இழுக்க அவற்றுக்கு நீளம் மிச்சமில்லை. ஆகவே கயிற்றை இறுகப் பற்ற வேண்டுமானால், மணிக்கட்டை நிமிர்த்தும் பின்புறத் தசைகளும் அதே நேரத்தில் வேலை செய்தாக வேண்டும். கையை மூடும் வேலையில் 'விரிக்கும்' நரம்புக்கும் முக்கியப் பங்கு உண்டு. மேற்கை எலும்பு முறிந்து ரேடியல் நரம்பு அடிபட்டவர்களிடம் இதை நேரடியாகவே காணலாம். மணிக்கட்டு தொங்கிவிடும்; மீடியனும் அல்னரும் முழுசாக இருந்தும் பிடியின் பலம் பெரிதும் குறைந்துவிடும். மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்க ஒரு ஸ்ப்ளின்ட் கட்டினால், நரம்பு குணமாகும் முன்பே பிடி தேறும். ஒரு நரம்புக்கு ஒரு வேலை என்பது உண்மையாக இருந்தால் இது நடக்க முடியாது.

இன்னும் கூர்மையான சாட்சி ஒன்று முன்கையின் கட்டைவிரல் பக்கத்து விளிம்பில் இருக்கிறது. பிரேக்கியோரேடியாலிஸ் என்ற தசை மேற்கை எலும்பின் வெளி விளிம்பில் தொடங்கி, முழங்கை மூட்டின் முன்னால் கடந்து, மணிக்கட்டுக்குச் சற்று மேலே ரேடியஸ் எலும்பில் முடிகிறது. மூட்டுக்கு முன்னால் கடப்பதால், அது சுருங்கினால் முழங்கை மடங்கும். கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கக் கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது முழங்கைக்கு வெளியே திரண்டு எழுகிறதே, அதுதான் இது. செய்வது மடக்கும் வேலை; நரம்போ ரேடியல், விரிக்கும் தசைகளின் நரம்பு. பத்தொன்பது தசை விதிக்கு உட்படும்போது ஒன்று விலகினால் அதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடலாமே என்று வாதிடலாம். வேலைதான் விதி என்றால் இந்த விலகலுக்கு விளக்கமே கிடையாது. பிறப்பிடம் விதி என்றால் இது விலகலே இல்லை: கருவில் இது பின்புறத் தசைகளோடு உருவானது, எலும்பைப் பற்றிய இடம் மட்டும் முன்னால் வந்து அமைந்தது. பத்தொன்பதையும் இருபதாவதையும் சேர்த்து விளக்கும் கருத்து, பத்தொன்பதை மட்டும் விளக்கும் கருத்தைவிட மேலானது.

இப்போது அந்த அரைத் தசை. விரல்களின் கடைசி மூட்டை மடக்கும் ஆழத் தசை முன்கையில் ஒரே தசையாகத் தொடங்கி, நான்கு விரல்களுக்கு நான்கு நாண்களாகப் பிரிகிறது. நான்குக்கும் வேலை ஒன்றே. ஆனால் ஆள்காட்டி விரல், நடுவிரல் பக்கத்துப் பாதிக்கு நரம்பு மீடியனின் கிளையிலிருந்து வருகிறது. மோதிர விரல், சுண்டுவிரல் பக்கத்துப் பாதிக்கு அல்னர். ஒரே வேலை, இரண்டு நரம்பு. பாம்பனிலும் மண்டபத்திலும் கடற்பாசி எடுக்கும் பெண்கள் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்கும்போது மீடியன் பாதி உழைக்கிறது. பாசிப் பையின் வாயைச் சுண்டுவிரல் பக்கம் இறுக்கிப் பிடிக்கையில் அல்னர் பாதி உழைக்கிறது. பார்த்தீர்களா, நுட்பத்துக்கு மீடியன், பலத்துக்கு அல்னர், இதுவும் வேலைப் பங்கீடுதானே என்று இங்கே மறுப்பு எழலாம். ஆனால் கையின் கட்டைவிரல் விளிம்பும் சுண்டுவிரல் விளிம்பும் கருவிலேயே தனித்தனி. நரம்புகள் பிரிந்தது அந்த விளிம்புகளின்படி. கட்டைவிரல் பக்கத்து விரல்களை நுட்பத்துக்கும் மற்றவற்றைப் பற்றுதலுக்கும் நாம் அதிகம் பயன்படுத்தியது, இருந்த ஏற்பாட்டைப் பயன்படுத்திக்கொண்டது. ஆழத் தசையின் நாண்களிலிருந்தே கிளம்பும் உள்ளங்கைச் சிறு தசைகள் நான்கும் இதையே உறுதி செய்கின்றன. பெரும்பாலும் முதல் இரண்டுக்கு மீடியன், மற்ற இரண்டுக்கு அல்னர். எந்த நாணில் பிறந்தனவோ அந்த நாணுக்குரிய நரம்பையே அவையும் பெற்றிருக்கின்றன.

பிறப்பிடம் என்று இதுவரை சொல்லிவந்ததற்குக் கருவியல் நேரடியான பொருள் தருகிறது. கரு உருவான நான்காவது வாரத்தின் கடைசியில் உடலின் பக்கவாட்டில் கை ஒரு மொட்டாக அரும்புகிறது. முதுகெலும்புக்கு இருபுறமும் இருக்கும் திசுக்கட்டிகளிலிருந்து தசைக்குரிய செல்கள் கிளம்பி அந்த மொட்டுக்குள் நுழைந்து, முதுகுப்புறத் திரள், வயிற்றுப்புறத் திரள் என்று இரண்டாகக் குவிகின்றன. காடைக் கருவின் திசுவைக் கோழிக் கருவில் ஒட்டி வளர்த்து, செல்களின் பயணத்தைப் பின்தொடர்ந்த 1970-களின் ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. தண்டுவடத்திலிருந்து கைக்கு வரும் ஐந்து நரம்பு வேர்களும் தோளருகே பின்னிக்கொள்ளும்போது இதே பிரிவினையைப் பின்பற்றுகின்றன. பின்பிரிவுகள் சேர்ந்த கற்றையிலிருந்து ரேடியல் வருகிறது. முன்பிரிவுகளிலிருந்து மீடியனும் அல்னரும். முதுகுப்புறத் திரளில் பிறந்த தசை எங்கே போய் எதைச் செய்தாலும் அதற்கு ரேடியல்தான். கீழக்கரையில் பிறந்து வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவரின் ரேஷன் கார்டில் கீழக்கரை முகவரிதான் இருக்கும். அதைப் பார்த்து அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. தசையின் நரம்பும் அத்தகைய முகவரிதான்.

நரம்பு தற்செயலாக எதிர்ப்பட்ட தசைக்குள் நுழைந்திருக்கலாமே, அதற்குப் பூர்வீகம் என்று ஏன் பெரிய பெயர் என்று கேட்கலாம். 1980-ல் சிந்தியா லான்ஸ்-ஜோன்ஸ், லின் லான்ட்மெசர் இருவரும் வெளியிட்ட சோதனை இதற்குப் பதில். கோழிக் கருவில் காலுக்கு நரம்பு அனுப்பும் தண்டுவடப் பகுதியின் சில கண்டங்களை, நரம்பு முளைக்கும் முன்பே வெட்டி முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள். இடம் மாறிய நரம்பு செல்கள் பக்கத்தில் கிடைத்த தசைக்குள் புகவில்லை. வழி மாறி வளைந்து சென்று, தமக்கு உரிய தசைகளையே அடைந்தன. தசை ஒருமுறைகூட வேலை செய்யாத பருவத்திலேயே இந்த உறவு நிச்சயமாகிவிடுகிறது. பரிணாம அளவிலும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவின் துடுப்புக்குள் மேற்கை எலும்பு, ரேடியஸ், அல்னா, ஐந்து விரல் எலும்புகள் என்று நம் கையின் திட்டம் அப்படியே இருக்கிறது. முதுகுப்புறம், வயிற்றுப்புறம் என்ற நரம்புப் பிரிவினை நாற்கால் விலங்குகள் எல்லாவற்றுக்கும் பொது. கயிறு பிடிக்காத, பாசி கிள்ளாத கைக்கும் இதே ஏற்பாடு என்றால், அந்த ஏற்பாடு கயிறு பிடிப்பதற்காக வந்ததாக இருக்க முடியாது.

எல்லா மனிதரிடமும் முகவரி ஒரே மாதிரி இருப்பதில்லையே என்ற மறுப்புக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். கணிசமானவர்களின் முன்கையில் மீடியனிலிருந்து ஒரு குறுக்கிழை கிளம்பி அல்னரில் போய்ச் சேர்கிறது. 1763-ல் மார்ட்டினும் 1870-ல் குரூபரும் விவரித்ததால் இதற்கு மார்ட்டின்-குரூபர் இணைப்பு என்று பெயர். இந்த இணைப்பு உள்ளவருக்கு முழங்கையில் அல்னர் அறுபட்டாலும், உள்ளங்கையில் அல்னர் இயக்க வேண்டிய சில தசைகள் தொடர்ந்து வேலை செய்யும். மருத்துவரைக் குழப்பக்கூடிய நிலைதான். ஆனால் இணைப்பு வழியே வரும் இழைகள் எந்தத் தண்டுவடக் கண்டத்திலிருந்து புறப்பட்டன, எந்தத் தசையில் முடிகின்றன என்று பார்த்தால், இரண்டு முனையும் மாறவில்லை. நடுவில் வந்த பாதை மட்டுமே வேறு. ஆகவே இந்த வேறுபாடு வாதத்தை உடைக்கவில்லை, திருத்துகிறது. மீடியன், அல்னர் என்று நாம் பெயரிட்டவை இழைகள் பயணிக்கும் வழிகள். பூர்வீகம் இழையின் இரு முனைகளில் இருக்கிறது.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பு இதைவிடக் கனமானது. நரம்பு வெறும் முகவரி என்றால், அது தசையின் இயல்பை மாற்றக் கூடாது. 1960-ல் புல்லரும் ஜான் எக்கிள்ஸும் அவர் மகள் ரோஸமண்ட் எக்கிள்ஸும் பூனையின் காலில், மெதுவாகச் சுருங்கும் தசையின் நரம்பையும் வேகமாகச் சுருங்கும் தசையின் நரம்பையும் வெட்டி இடம் மாற்றித் தைத்தார்கள். மெதுவான தசை வேகம் பெற்றது. வேகமான தசை மெதுவானது. நரம்பு தசையை உருவாக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம். ஆனால் இந்தச் சோதனையும் இதைத் தொடர்ந்த சோதனைகளும் காட்டுவது என்ன? தசையின் இயல்பை நிர்ணயிப்பது நரம்பின் பெயரோ இடமோ அல்ல, அதன் வழியே வரும் செய்தியின் போக்கு என்பதைத்தான். போக்கு மாறினால் தசையும் மாறுகிறது. முகவரி பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. அந்த முகவரிக்கு என்ன கட்டளை வருகிறது என்பது பின்னால் மாறக்கூடியது. அந்தக் கட்டளையை மனிதக் கையில் மாற்ற முடியுமா என்பதற்கான சோதனை தமிழ்நாட்டிலேயே நடந்தது.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்தபோது, 1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவருக்குக் காட்டிய நோயாளிகளின் விரல்கள் பறவையின் கால்நகம் போல வளைந்து மடங்கிக் கிடந்தன. அப்படிப்பட்ட ஒரு கை பிராண்டின் கையைப் பற்றி அழுத்தியபோது அவருக்கு வலித்தது. செயலற்றதாக எல்லாரும் கருதிய கையில் அத்தனை பலம் எப்படி? தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புகிறது. ஆகவே நரம்புகள் தோலுக்கு அருகே வரும் இடங்களில், அல்னரை முழங்கைக்குச் சற்று மேலேயும் மீடியனை மணிக்கட்டுக்குச் சற்று மேலேயும், அது அதிகம் தாக்குகிறது. முன்கைத் தசைகளுக்குப் போகும் மீடியன் கிளைகள் அதற்கு முன்பே, சதைக்கு அடியில் பிரிந்துவிடுகின்றன. ரேடியல் அபூர்வமாகத்தான் பாதிக்கப்படுகிறது. விளைவு: உள்ளங்கைச் சிறு தசைகள் செத்துவிட, முன்கைத் தசைகளில் பெரும்பாலானவை முழு பலத்தோடு இருக்கின்றன. விரல்கள் வளைந்ததே அந்த ஆரோக்கியமான தசைகள் எதிர்ப்பின்றி இழுத்ததால்தான்.

பிராண்டும் அவரது குழுவும் 1948 முதல் வேலூரில் இந்தக் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார்கள். முதலில் விரல் மடக்கும் நாண்களை இடம் மாற்றினார்கள். பின்னர் பிராண்ட் வகுத்த முறையில், மணிக்கட்டை நிமிர்த்தும் ஒரு தசையின் நாண் அதன் முனையிலிருந்து பிரிக்கப்பட்டது. காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணால் நீளமாக்கப்பட்டு, நான்காகப் பிளந்து, நான்கு விரல்களிலும் தைக்கப்பட்டது. தசை இருந்த இடத்திலேயே இருந்தது, அதன் ரேடியல் நரம்பும் தொடப்படவில்லை. ஆனால் அல்னரின் ஆளுகையில் இருந்த தசைகள் செய்துவந்த வேலை, அதாவது விரலடி மூட்டை மடக்கிக்கொண்டே விரல்களை நீட்டுவது, இப்போது அதற்கு வந்தது. தொடக்கத்தில் நோயாளி மணிக்கட்டை நிமிர்த்த நினைக்க, விரல்கள் அசைந்தன. பல வாரப் பயிற்சிக்குப் பிறகு விரல்களை நினைத்தாலே விரல்கள் அசைந்தன.   வேலையும் நரம்பும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருந்தால், இந்தக் கைகளில் ஒன்றுகூடத் திறந்திருக்காது.

அப்படியானால் எந்தத் தசையையும் எந்த வேலைக்கும் வைக்கலாமா? முடியாது, இந்த எல்லையைச் சொல்லாவிட்டால் வாதம் மிகைப்பட்டுவிடும். மணிக்கட்டை அசைக்கும் தசை ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான் சுருங்கும், விரல் விரிப்பது 5, விரல் மடக்குவது 7 சென்டிமீட்டர் வரை. குறுகிய ஓட்டமுள்ள தசை நீண்ட ஓட்டத்தைக் கேட்கும் வேலைக்கு ஆகாது. இயல்பிலேயே சேர்ந்து இயங்கும் தசைகளுக்கிடையில் வேலை மாற்றினால் மூளை எளிதில் பழகுகிறது. விரல் மடங்கும்போதெல்லாம் மணிக்கட்டு நிமிர்த்தும் தசை துணைக்கு வருவதை முன்பே பார்த்தோம். பிராண்ட் அதைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமாக அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கவனித்தால், இந்த எல்லைகள் எல்லாம் தசையின் நீளத்தையும் பலத்தையும் பழக்கத்தையும் சார்ந்தவை. நரம்பின் பெயரை ஒட்டி வந்த எல்லை ஒன்றுமில்லை.

இது வகுப்பறைத் தர்க்கத்தோடு நிற்கும் விஷயமல்ல. கடற்கரையில் கண்ணாடிச் சில்லோ மீன்வெட்டும் கத்தியோ மணிக்கட்டைக் கிழித்துவிட்டால், விரல்களை மடக்கச் சொல்லிப் பார்த்து, மடங்குகின்றன என்றதும் நரம்பு தப்பியது என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. விரல் மடக்கும் தசைகளுக்கான கிளைகள் முன்கையின் மேற்பகுதியிலேயே பிரிந்துவிடுவதால், மணிக்கட்டில் மீடியன் முழுசாக அறுந்திருந்தாலும் விரல்கள் மடங்கும். பார்க்க வேண்டியவை வேறு: ஆள்காட்டி விரல்நுனியில் தொடு உணர்ச்சி இருக்கிறதா, கட்டைவிரல் எழும்பி மற்ற விரல்நுனிகளை நேருக்கு நேர் தொடுகிறதா. அல்னருக்குச் சுண்டுவிரல் நுனியின் உணர்ச்சியும், விரல்களை அகற்றிச் சேர்க்கும் பலமும். சந்தேகம் இருந்தால் அன்றே கை அறுவைச் சிகிச்சை தெரிந்த மருத்துவரிடம் போவதுதான் சரி.

ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. அங்கே முதலாண்டு மாணவர்கள் இருபது தசைகளையும் மூன்று நரம்புகளையும் பட்டியலாக மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். வேலையை வைத்து அந்தப் பட்டியலை நினைவில் நிறுத்த முயன்றால் பிரேக்கியோரேடியாலிஸில் தடுக்கும், அரைத் தசையில் தடுக்கும். கருவின் இரண்டு திரள்களையும் கையின் இரண்டு விளிம்புகளையும் வைத்துப் படித்தால் பட்டியல் தானே வரிசைக்கு வரும். நோயாளி முன் உட்காரும் காலத்தில் அவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழும். நரம்பு எங்கே அறுந்தது என்பதற்கு விடை காண, தசை எங்கிருந்து வந்தது, அதன் நரம்பு எந்த வழியில் வந்தது என்று தெரிய வேண்டும். அறுந்த பிறகு இந்தக் கையை எப்படி உழைக்க வைப்பது என்பதற்கு, மிச்சமிருக்கும் தசைகளால் என்னென்ன செய்ய முடியும் என்று தெரிய வேண்டும். இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியின் விடையைச் சொல்லி நிறுத்திக்கொண்டதாலும்தான், பலமுள்ள முன்கைகளைக் கொண்டிருந்த நோயாளிகள் வெகுகாலம் கைவிடப்பட்டிருந்தார்கள்.